ரேக்கில் இருந்த பேரிங் ராத்திரி ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. 24 ஸ்பின்னிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்), ஒவ்வொன்றிலும் 1,008 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), எல்லாவற்றிலும் 40-ஆம் கவுண்ட் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) ஓடுகிறது. ஸ்டோரில் 6,200 ஐட்டம், மதிப்பு 1 கோடியே 40 லட்சம். 'மார்ச்சுக்குள் பாதியாக்கு' என்கிறார் எம்.டி. 'ஒரு நட்டைக்கூடக் குறைக்காதே, மில் நின்றால் நீயா பதில் சொல்வாய்?' என்கிறார் மெயின்டனன்ஸ் மேனேஜர். போன மாதம் முழு நைட் ஷிப்டில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் ஒன்று நின்றது. 6205 பேரிங் ஸ்டாக் இல்லை என்று விடியற்காலை மதுரைக்கு வண்டி அனுப்பி, கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தோம். நாலு நாள் கழித்து அதே பேரிங் பதினொன்று வேறு ரேக்கில் கிடைத்தது. இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். எதைக் குறைப்பது, எதை வைப்பது? நல்ல சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

தம்பிக்கு வணக்கம்.

திட்டிய இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1 கோடியே 40 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்று வைத்தாலே வருஷத்துக்கு 15 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. முதல் போட்டவருக்கு அது உறுத்தாமல் இருக்குமா? மேனேஜருக்கோ, ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன் அவருக்குத்தான் வருகிறது. ஆனால் இரண்டு பேருமே மொத்தத் தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள். மொத்தத்தைப் பார்த்து எந்த ஸ்டோரையும் சரிசெய்ய முடியாது.

'பாதியாக்கு' என்ற உத்தரவை அப்படியே நிறைவேற்றினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், நானே ஒருமுறை செய்திருக்கிறேன். எது சுலபமாகக் குறையுமோ அதுதான் குறையும். டிராவலர் (நூலை வழிநடத்தி ஓடும் சிறு வளையம்), ஏப்ரன், காட்ஸ் (இழையை இழுக்கும் உருளைகளின் ரப்பர் பட்டையும் உறையும்), ஸ்பிண்டில் டேப், ஆயில் என்று தினமும் போகிற சாமான்களுக்கு ஆர்டர் போடாமல் இரண்டு மாதம் இருந்தால் தொகை மளமளவென்று இறங்கும். பத்து வருஷமாக அசையாத சாமான் அசையாமலே கிடக்கும். மார்ச் 31-ல் கணக்கு அழகாக இருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் டிராவலருக்குப் பக்கத்து மில்லில் கைமாற்று கேட்டு நின்றேன்.

உங்கள் 6205-க்கு வருகிறேன், அங்கேதான் நோய் இருக்கிறது. நான் உங்கள் ஸ்டோரைப் பார்த்ததில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன்: லெட்ஜரில் அந்தப் பேரிங் மூன்று இடத்தில் மூன்று பெயரில் இருக்கும். 'பேரிங் 6205' என்று ஒரு வரி. எப்போதோ யாரோ அளவெடுத்து எழுதிய 'பால் பேரிங் 25 x 52 x 15' என்று இன்னொரு வரி. மெஷின் வாங்கும்போது கூடவே வந்த பெட்டியில் மெஷின் கம்பெனியின் பார்ட் நம்பரோடு மூன்றாவது வரி. மூன்றும் ஒரே அளவு. 6205-ல் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான். ராத்திரி வந்த பிட்டர் முதல் வரியைப் பார்த்தார், பூஜ்யம் என்றிருந்தது, மதுரைக்கு வண்டி கிளம்பியது.

ஆகவே முதல் வேலை பெயர் வைப்பது. 6,200 வரியையும் ஒரேயடியாகத் தொட்டால் பொங்கலுக்குத் தொடங்கியது தீபாவளிக்கும் முடியாது. பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல் மூன்றை மட்டும் எடுங்கள். மூன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே அளவு முறை இருப்பதால் மெஷின்காரர் பெயரைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, மேலே பொறித்திருப்பதைப் படித்து, ஒரே வரிசையில் எழுதுங்கள்: பொருள், வகை, அளவு, பின்னெழுத்து. 'பேரிங், பால், 6205, இரட்டை இசட், சி3' என்பதுபோல. 'ஆயில் சீல், 35 x 52 x 7' என்பதுபோல, அதாவது தண்டு, வெளிவிட்டம், அகலம். பெல்ட் என்றால் 'பி 68'. மெஷின் பார்ட் நம்பரை அடுத்த கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அது தேடுவதற்கு மட்டும்.

பின்னெழுத்தில் அவசரப்படக் கூடாது. இரட்டை இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி. 2 ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல், பஞ்சுத் தூசி உள்ளே போகாது, ஆனால் தகட்டு மூடியைவிடச் சூடும் உரசலும் கொஞ்சம் கூடுதல். சி3 என்றால் உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இயல்பைவிட அதிகம். சூடேறி உள்வளையம் விரியும் இடத்துக்கு, முக்கியமாக மோட்டாருக்கு, அதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். '6205 எல்லாம் ஒன்றுதானே' என்று மூன்றையும் ஒரே வரியில் கொட்டிவிட்டால் ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள்.

இந்த வேலை நடக்கும்போதே இன்னொன்று வெளியே வரும்: பிட்டர்களின் பீரோ. எந்த மில்லிலும் டிபார்ட்மென்ட் பிட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு இரும்புப் பெட்டியோ பூட்டிய பீரோவோ இருக்கும். இஷ்யூ ஸ்லிப் போட்டு நாலு வாங்கி, இரண்டை மாட்டி, இரண்டை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஸ்டோர் கணக்கில் அது செலவானது, நிஜத்தில் இருக்கிறது. இதைத் திருட்டு மாதிரி பார்த்து ரெய்டு போகிற மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வாரமே சாமான் இன்னும் ஆழமான இடத்துக்குப் போய்விடும். பிட்டர் ஏன் பதுக்குகிறார்? நைட் ஷிப்டில் ஸ்டோர் பூட்டியிருக்கிறது, திறந்தாலும் சாமான் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை, நின்ற மெஷினுக்குத் திட்டு வாங்குவது அவர்தான். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் பதுக்குவேன்.

ஒரு மாதம் கெடு வையுங்கள். எது வந்தாலும் யார் கொண்டுவந்தார் என்று கேட்காமல், பெயர் எழுதாமல் உள்ளே வாங்குங்கள். அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் திறந்த தட்டு ஒன்று, அதில் அன்றாடம் தேவைப்படும் சர்க்ளிப், போல்ட், ஃபியூஸ், நியூமாடிக் டியூப், ஃபிட்டிங். ஸ்லிப் வேண்டாம், வாரம் ஒருமுறை நீங்களே போய் நிரப்புங்கள். இருபது ரூபாய் சர்க்ளிப்புக்கு மூன்று கையெழுத்து வாங்கும் ஸ்டோரை யாரும் மதிக்க மாட்டார்கள். நைட் ஷிப்டுக்குச் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கட்டும், எடுத்ததை எழுத நோட்டு ஒன்று கட்டித் தொங்கட்டும். எழுதாமல் போகிறது என்பார்கள். போகும்தான், கொஞ்சம். மதுரை வண்டிச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி, எதை வைப்பது. விலையைப் பார்க்காதீர்கள். இது இல்லாவிட்டால் எது நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள்.

உங்கள் மில் கணக்கையே போடுவோம். 40-ஆம் கவுண்ட், ஸ்பிண்டில் வேகம் 18,000, அங்குலத்துக்கு முறுக்கு 24 என்று வைத்துக்கொண்டால், எஃபிஷியன்சி போக ஒரு ஸ்பிண்டில் ஷிப்டுக்கு ஏறக்குறைய 130 கிராம் தரும். 1,008 ஸ்பிண்டிலுக்கு 131 கிலோ. மூன்று ஷிப்டுக்கு 393 கிலோ. பஞ்சு விலையும் மின்சாரமும் போகக் கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று பேச்சுக்கு வைப்போம், உங்கள் சரியான தொகையை அக்கவுன்ட்ஸில் கேளுங்கள். ஒரு ஃபிரேம் ஒரு நாள் நின்றால் நஷ்டம் 15,700 ரூபாய் சொச்சம். வலிக்கும், ஆனால் மில்லின் இருபத்துநாலில் ஒரு பங்குதான். தவிர, ஏற்கெனவே ஏதோ வேலைக்காக நிறுத்தியிருக்கும் இன்னொரு ஃபிரேமிலிருந்து அந்த பார்ட்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஒரே மாதிரி 24 மெஷின் இருப்பதே பெரிய ஸ்பேர்தான்.

இப்போது கம்ப்ரஸர் ரூமுக்குப் போங்கள். நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனருக்குக் காற்று இல்லாவிட்டால் அறுந்த இழை இணையாது, கோன் வராது. கொஞ்ச நேரம் காப்ஸ் (ஸ்பின்னிங்கில் நூல் நிரம்பிய பாபின்கள்) தேங்கும், பிறகு காலி பாபின் இல்லாமல் ஸ்பின்னிங்கும் ஃபிரேம் ஃபிரேமாக நிற்கும். 24 ஃபிரேமுக்கும் ஒரு நாளைக்கு 9,400 கிலோ, ரூபாயில் 3 லட்சத்து 76 ஆயிரம். இது ஒரு கப்ளிங் ஸ்பைடருக்காகவோ (மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் துண்டு) ஒரு சோலினாய்டு காயிலுக்காகவோ நடக்கலாம், விலை சில நூறு ரூபாய். உங்கள் ஏ-பி-சி பட்டியலில் அது 'சி' வகுப்பில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத கடைசிப் பக்கத்தில் இருக்கும். விலை வாரியாகப் பிரிக்கும் பட்டியல் பர்ச்சேஸ்காரருக்கு உதவும், எதில் பேரம் பேசலாம் என்று தெரியும். எது முக்கியம் என்று அது சொல்லாது.

என் சொந்தக் கதை ஒன்று. பெயர் வேண்டாம், திண்டுக்கல் பக்கம் நான் வேலை பார்த்த மில். சித்திரை மாதம், டிபார்ட்மென்டுக்கு ஈரக்காற்று அனுப்பும் ஹ்யூமிடிபிகேஷன் பிளான்டில் சப்ளை ஃபேன் பேரிங் கத்தத் தொடங்கியது. 22216 கே பேரிங், ஸ்டோரில் மூன்று இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிட்டர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். "சார், ஸ்லீவ் எங்கே?" கே என்றால் உள்துளை சரிவாக இருக்கும். தண்டில் நேராக உட்காராது, நடுவில் எச் 316 என்கிற அடாப்டர் ஸ்லீவ் வேண்டும். பேரிங்கின் துளை 80, தண்டு 70, இடைவெளியை அடைப்பது அந்த ஸ்லீவ். பழைய ஸ்லீவ் பேரிங்கோடு சுற்றி, அதன் திருகு மரை போயிருந்தது. மூன்று பேரிங் இருந்தும் ஒரு ஸ்லீவ் இல்லை. அன்று பிற்பகல் டிபார்ட்மென்டில் ஈரப்பதம் இறங்கி, இழை அறுந்து அறுந்து, பெண்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஓடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து நான் ஐட்டமாக வைப்பதில்லை, வேலையாக வைப்பேன். 'சப்ளை ஃபேன் பேரிங் மாற்றும் வேலை' என்று ஒரு பெட்டி. அதில் பேரிங், ஸ்லீவ், லாக் நட், வாஷர், பிளம்மர் பிளாக் சீல், லொக்கேட்டிங் ரிங், கிரீஸ் எல்லாம் ஒன்றாக. பெட்டிமேல் பட்டியல் ஒட்டியிருக்கும், ஒன்றை எடுத்தாலும் பெட்டியின் முத்திரை உடையும்.

வி.இ.டி. என்று படித்திருப்பீர்கள்: உயிரானது, அவசியமானது, இருந்தால் நல்லது. நல்ல முறைதான். ஆனால் பட்டியலை மேனேஜரிடம் கொடுத்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் 'வி' போட்டுத் திருப்பித் தருவார். அவருக்கு அதில் செலவு ஒன்றும் இல்லையே. அதனால் 'வி' போடுகிறவர் பக்கத்திலேயே மூன்று கட்டம் நிரப்ப வேண்டும் என்று வையுங்கள்: எந்த மெஷின் நிற்கும், வேறு வழியில் எத்தனை மணி நேரத்தில் ஓட்டலாம், கடையிலிருந்து வர எத்தனை நாள். 'வேறு வழி' என்ற கட்டம்தான் உயிர். மோட்டாரை ராஜபாளையத்திலேயே காயில் கட்டி ஒரே நாளில் வாங்க முடியுமா? புஷ்ஷை லேத் பட்டறையில் கடைய முடியுமா? பக்கத்து மில்லில் அதே மாடல் ஓடுகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் 'வி' தானாக 'இ' ஆகிவிடும். மேனேஜரும் நீங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஐம்பது வரி, ஒரு டீ குடிக்கும் நேரம். அதற்குமேல் உட்கார்ந்தால் அவர் பொறுமை போய்விடும்.

'எத்தனை நாள்' என்பதில் ஒரு எச்சரிக்கை. சப்ளையர் 'ஏழு நாளில் தருகிறேன்' என்பார். உங்கள் மில்லின் நாள் அதுவல்ல. பிட்டர் இன்டென்ட் (சாமான் வேண்டும் என்ற கோரிக்கை) எழுதிய தேதியையும் சாமான் ரேக்கில் ஏறிய தேதியையும் பழைய ஃபைலிலிருந்து முப்பது ஐட்டத்துக்கு எடுத்துப் பாருங்கள். இன்டென்ட் மேசையில் கிடந்தது, கொட்டேஷன் வந்தது, எம்.டி. ஊரில் இல்லை, பழைய பாக்கி கட்டாததால் சப்ளையர் நிறுத்திவைத்தார், எல்லாம் சேர்ந்துதான் உண்மையான நாள். பல மில்களில் பாதி நாள் மில்லுக்குள்ளேயே கரைகிறது. அதைக் குறைத்தால் ஸ்டாக்கும் குறையும். எம்.டி.யிடம் கேட்க வேண்டியதில் முக்கியமானது இது. இவ்வளவு ரூபாய்க்குக் கீழே உள்ள ஸ்பேருக்கு அவர் கையெழுத்து இல்லாமல் ஆர்டர் போகட்டும். பாக்கியும் அப்படித்தான். சிறு, குறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டமே சொல்கிறது. லேத் பட்டறைக்காரர் ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்காக ஷட்டரைத் தூக்குவாரா என்பது போன மாத பில்லைப் பொறுத்தது.

எத்தனை வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. உங்கள் 24 ஃபிரேமிலும் ஒரே மாடல் இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்று வைப்போம். ஒன்று சராசரியாக எட்டு வருஷத்துக்கு ஒருமுறை போகிறது என்றால் மில்லுக்கு வருஷத்துக்கு மூன்று. புதிது வர இரண்டு மாதம் ஆகும் என்றால் அந்த இரண்டு மாதத்தில் சராசரி தேவை அரை. 'அரைதானே, ஒன்று போதும்' என்பார் எம்.டி. 'ஐந்து வேண்டும்' என்பார் மேனேஜர். இப்படி எப்போதாவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடக்கும் சம்பவங்களுக்கு பாய்ஸான் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 1898-ல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு இதைப் பொருத்திக் காட்டினார். இன்வெர்ட்டரும் அந்தக் குதிரை மாதிரிதான், எப்போது உதைக்கும் என்று சொல்ல முடியாது, வருஷத்தில் எத்தனை உதை என்று சொல்லலாம்.

எக்ஸெலிலேயே இந்த ஃபார்முலா இருக்கிறது. போட்டால் வருவது: ஒன்று வைத்தால், புதிது வருவதற்குள் போதாமல் போக 9 சதவீத வாய்ப்பு. இரண்டு வைத்தால் ஒன்றரைக்கும் கீழே. மூன்று வைத்தால் 0.2. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில் பெரிய லாபம், மூன்றாவதிலிருந்து கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது அற்பம். நானாக இருந்தால் இரண்டு வைப்பேன். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் எம்.டி.யும் மேனேஜரும் சண்டை போட இடமே இருக்காது, இரண்டு பேருக்கும் எண் பிடிக்கும்.

அதே இன்வெர்ட்டரில் இன்னும் இரண்டு விஷயம். பாராமீட்டர் பட்டியல், அதாவது அதில் போட்டிருக்கும் செட்டிங்குகள், பிரிண்ட் எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அது ஸ்பேர் இல்லை, வெறும் பெட்டி. அடுத்து, உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் மின்சாரம் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடந்தால் பலமிழக்கும். நேராக முழு வோல்ட்டேஜில் போட்டால் வெடிக்கவும் செய்யும். வருஷம் ஒருமுறை எடுத்து, மேனுவலில் சொன்னபடி மின்சாரம் கொடுத்து வையுங்கள்.

டிராவலர், காட்ஸ், ஏப்ரன் மாதிரி தினப்படிச் சாமானுக்கு இந்த வாய்ப்புக் கணக்கு எதுவும் வேண்டாம். அவற்றின் தேவை முன்கூட்டியே தெரிந்தது. 24,192 ஸ்பிண்டில், ஒரு சுற்று டிராவலர் மாற்ற ஆயிரம் கொண்ட பெட்டி இருபத்தைந்து. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், காட்ஸ் எத்தனை பஃபிங் (மேற்பரப்பைத் தேய்த்துச் சீராக்குவது) தாங்கும் என்பதெல்லாம் ஸ்பின்னிங் மாஸ்டர் நாட்காட்டியில் இருக்கிறது. அந்த நாட்காட்டியின் நகல் ஸ்டோரில் தொங்கட்டும். மினிமம்-மேக்சிமம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் கவுண்ட் மாறும் அன்று பழைய நம்பர் டிராவலர் நாற்பது பெட்டி கையில் நிற்கும். கவுண்ட் மாற்றப்போவதை மாஸ்டர் உங்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார். நீங்கள்தான் திங்கள்தோறும் போய்க் கேட்க வேண்டும்.

வைத்திருக்கும் சாமான் வைத்த இடத்திலேயே கெடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பெல்ட்டை ஆணியில் மாட்டிவைத்திருப்பீர்கள், மடிந்த இடத்தில் வெடித்திருக்கும். நைட்ரைல் ரப்பர் சீலுக்கு ஐ.எஸ்.ஓ. 2230 தரம் தருவது ஏழு வருஷம், அதுவும் இருட்டில், சூடில்லாமல், பாக்கெட்டோடு இருந்தால். வாங்கிய தேதியிலிருந்து அல்ல, ரப்பர் வார்த்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஸ்பேர் மோட்டாரை ஹ்யூமிடிபிகேஷன் பிளான்ட் மூலையில் ஓடுகிற ஃபேன் பக்கத்திலேயே வைப்பது எல்லா மில்லிலும் உள்ள வழக்கம். ஃபேனின் அதிர்வு தரை வழியாக வந்து, சுற்றாமல் நிற்கும் மோட்டாரின் பேரிங்கில் குண்டு நிற்கும் இடத்திலேயே பள்ளம் போடும். ஈரம் காயிலுக்குள் போகும். மாட்டிய முதல் நாளே கத்தும், 'புது பேரிங்கே சரியில்லை' என்பார்கள். மாதம் ஒருமுறை தண்டைக் கையால் சில சுற்றுச் சுற்றி, நின்ற இடத்திலிருந்து கால் சுற்றுத் தள்ளி நிறுத்துங்கள். காயிலின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 5 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்தாமல் ஓட்டாதீர்கள். காயில் கட்டி வந்த மோட்டாருக்குப் பச்சை அட்டை, கட்டப் போக வேண்டியதற்குச் சிவப்பு அட்டை. அட்டை இல்லாத மோட்டார் உங்கள் ஸ்டோரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூலையில் கிடக்கும் ஆறு மோட்டாரில் எது ஓடும் என்று நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் ஜோசியம் பார்க்கக் கூடாது.

இனி எம்.டி. கேட்ட பணம் எங்கிருந்து வரும்? மில்லில் இப்போது இல்லாத மெஷின்களிலிருந்து. விற்றுப்போன பழைய கோன் வைண்டிங், மாற்றிய சிம்ப்ளெக்ஸ், பத்து வருஷம் முன்பு கழற்றிய கண்ட்ரோல் பேனல், இவற்றின் உதிரி எல்லாம் அதே ரேக்கில், அதே விலையில் கணக்கில் இருக்கும். மெஷின் ரெஜிஸ்டரை எடுத்து, ஒவ்வொரு ஸ்பேரும் இப்போது ஓடும் எந்த மெஷினுக்கு என்று கேளுங்கள். பதில் இல்லாததை மஞ்சள் பெயின்ட் அடித்துத் தனியே வையுங்கள். மேனேஜர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், நீங்களாக ஒன்றையும் வெளியே தள்ளாதீர்கள். ஐந்து வருஷமாக அசையவில்லை என்பதற்காக மட்டும் எதையும் விற்கக் கூடாது. கம்ப்ரஸரின் ஸ்பேர் ஏர்-எண்டு (காற்றை அழுத்தும் பகுதி) அசையாமல் கிடப்பதுதான் அதன் வேலை.

விற்கும்போது ஆடிட்டரை ஒரு வார்த்தை கேளுங்கள். கணக்கிலிருந்து வெறுமனே தள்ளுபடி செய்தால், வாங்கும்போது எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. பில் போட்டு விற்றால், விற்ற விலைக்கு வரி கட்டினால் முடிந்தது. அதே மாடல் ஓட்டும் மில்கள் இன்னும் இருக்கும், கோயம்புத்தூரில் பழைய மில் சாமான் வாங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். காயலான் கடை கடைசி வழி. அடுத்து ஏர்-எண்டு, மெயின் கியர்பாக்ஸ் மாதிரி பெரிய காப்பு ஸ்பேர்களை ஸ்டாக்கில் காட்டாமல் மெஷினோடு சேர்த்து நிலைச் சொத்தாகக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படப்போகும், சொத்துக்கான வரையறைக்குப் பொருந்தும் ஸ்பேருக்குக் கணக்கியல் தரம் ஏ.எஸ். 10 அதற்கு இடம் தருகிறது. பணம் மிச்சமாகாது, ஆனால் எம்.டி. பார்க்கும் அந்த ஒற்றைத் தொகையிலிருந்து வேறு வகைச் சாமான் பிரிந்துவிடும், பேச்சும் தெளியும்.

மார்ச்சுக்குள் பாதி என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மார்ச்சுக்குள் மூன்று வகைச் சாமானுக்குப் பெயர் ஒழுங்காகிவிடும், ஓடாத மெஷினின் ஸ்பேர் பட்டியல் விலையோடு உங்கள் மேசைக்கு வரும், எவ்வளவு குறையும் என்று அன்றைக்குச் சொல்கிறேன்." கோபப்படுவார். பட்டியலைப் பார்த்ததும் அடங்குவார், அதில் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிய ஐட்டமும் இருக்கும்.

சாஃப்ட்வேர் இப்போது வேண்டாம். ஒரே பேரிங்குக்கு மூன்று பெயர் இருக்கும் லெட்ஜரை எந்த சாஃப்ட்வேரில் ஏற்றினாலும் மூன்று பெயரோடுதான் இருக்கும், விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். பெயர் வேலை முடியும்வரை எக்ஸெல் தாராளம். அதன்பிறகு வாங்கும்போது, பிட்டர் தன் போனிலிருந்து தமிழில் தட்டித் தேட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் அலங்காரம்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மதுரையிலிருந்து வந்த பேரிங்கின் அட்டைப்பெட்டியை யாராவது எறியாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னெழுத்து என்ன? கார்டிங்கில் இருந்து கழற்றிய பழைய பேரிங்கில் பொறித்திருப்பது என்ன? அந்த அவசரத்தில் கடைக்காரர் '6205' என்று கேட்டதும் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், அடுத்த லீவு நாளில் அதைக் கழற்றிவிட்டு உங்கள் பதினொன்றில் சரியான ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். கார்டிங் பிட்டர் முணுமுணுப்பார், மாட்டுவார்.